புதுப்பிப்பு: கோழிக்கூண்டும் கீரியும்

கூண்டுக்குள் கீரி நுழையாமல் தடுக்க அறுகோணக் கோழிவலையே போதும் என்று முன்பு எழுதியது தப்பு. அந்தக் கம்பி மெலிசு. செங்குன்றம் பக்கத்து மழையில் துருவேறியதும் கீரி இழுத்தாலே பிரியும். அரை அங்குலக் கட்டமுள்ள ஜிஐ வெல்டு வலை (துத்தநாகம் பூசிய, பற்றவைத்த கம்பி வலை) வாங்குங்கள், எலியும் நுழையாது.

வலையைச் சுவரடியோடு நிறுத்தாமல், வெளிப்பக்கம் ஒன்றரை அடி மடக்கித் தரையில் படுக்கவைத்து மண் மூடுங்கள். கீரி சுவரை ஒட்டித்தான் குழி பறிக்கும். நகம் வலையில் தட்டும், பின்னால் தள்ளிப்போய்த் தோண்டத் தோன்றாது. வலையைச் சட்டத்தில் ஆணியால் அடித்தால் கழன்றுவிடும். வலைமேல் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து, வாஷரோடு திருகாணி போடுங்கள்.

மிச்சத் தீவனத்தை மாலையே எடுத்துவிடுங்கள். எலி வந்தால் பின்னாலேயே சாரை வரும்.

பொறி வைக்கலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. கீரி 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு.