எக்ஸ்டி 25 பின், பிசி 9 பின்: சீரியல் கேபிளில் ஓர் எழுத்துகூட வரவில்லை

கேள்வி:
ஐபிஎம் எக்ஸ்டி என்ற பழைய கணினியில் (இயங்குதளம் டாஸ் 3.3) இருக்கும் கோப்புகளை விண்டோஸ் பிசிக்கு எடுக்க வேண்டும். எக்ஸ்டியில் 25 பின் சீரியல் போர்ட், பிசியில் 9 பின் யூஎஸ்பி அடாப்டர். மூன்று கம்பிதான்: 2-ஐ 3-க்கும் 3-ஐ 2-க்கும் மாற்றிப்போட்டு, 7-ஐ 5-இல் சேர்த்தாயிற்று. இரு பக்கமும் வேகம் 9600, பாரிட்டி இல்லை (என்), 8 டேட்டா பிட், 1 ஸ்டாப் பிட். பிசியில் சீரியலில் வருவதைக் காட்டும் புட்டி நிரலில் வெறும் கருப்புத்திரை. போர்ட் போயிருக்குமா?

சாலிடர்புகை:
போர்ட் போகவில்லை, மாற்றிப்போட்டதுதான் தப்பு. 25 பின்னில் 2 அனுப்பும், 3 வாங்கும். 9 பின்னில் நேர் எதிர்: 2 வாங்கும், 3 அனுப்பும். குறுக்கு மாற்றம் பின் எண்களிலேயே இருக்கிறது. 2–2, 3–3, 7–5 என்று நேராகப் போடுங்கள். நீங்கள் போட்டிருக்கும் விதத்தில் இரண்டு பக்க அனுப்பு முனைகளும் ஒன்றோடொன்று முட்டி நிற்கின்றன. இந்த சீரியல் போர்ட்டின் தரமான ஆர்எஸ்-232 அதைத் தாங்கும், பயம் வேண்டாம்.

மாற்றியதும் கேபிளை எக்ஸ்டியில் மட்டும் செருகி, மறுமுனையின் 5-இல் மீட்டரின் கருப்பு முனை, 2-இல் சிவப்பு. சும்மா இருக்கும்போது மைனஸ் 10 வோல்ட் வாக்கில் காட்ட வேண்டும். 3-இல் காட்டினால் இன்னும் தலைகீழ்தான்.

ஒன்று கவனம்: எக்ஸ்டியின் பின்பக்கம் ஊசி உள்ள 25 பின்தான் சீரியல். ஓட்டை உள்ளது பிரிண்டர் போர்ட்.

கேட்டவர்:
மீட்டரில் 2-இல் மைனஸ் 10.8. ஆனால் காப்பி கட்டளையில் காம்1-க்கு அனுப்பினால் "ரைட் ஃபால்ட் எரர்".

ஒற்றைபைட்:
டாஸ், கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸ் வழியாக அனுப்புகிறது. டிஎஸ்ஆர் (எதிர்ப்பக்கம் தயார்), சிடிஎஸ் (அனுப்பலாம்) என்ற இரண்டு சிக்னல்களும் உயர்ந்திருந்தால்தான் பயாஸ் பைட்டை வெளியே விடும். உங்கள் கேபிளில் அவை அந்தரத்தில் தொங்குகின்றன. அவசரத்துக்கு 25 பின் கூட்டுக்குள்ளேயே 4–5 ஒரு துண்டு, 6–8–20 ஒரு துண்டு கம்பியால் இணைத்துவிடுங்கள். புட்டியில் ஃப்ளோ கன்ட்ரோலை (அனுப்புவதை நிறுத்தித் தொடரும் முறை) "நன்" என்று வையுங்கள். அதன் இயல்பு எக்ஸான்/எக்ஸாஃப்: நிறுத்து, தொடர் என்பதை டேட்டாவுக்குள்ளேயே சிறப்பு எழுத்துகளாக அனுப்பும், பைனரி கோப்பை அது கெடுக்கும்.

முறையாகச் செய்ய 7 கம்பி வேண்டும் (முதலில் 25 பின், அடுத்து 9 பின்):
2 – 2
3 – 3
7 – 5
4 – 8
5 – 7
20 – 6, 1 (சேர்த்து)
6, 8 (சேர்த்து) – 4
இந்தக் கேபிளில் புட்டியின் ஃப்ளோ கன்ட்ரோலாக "ஆர்டிஎஸ்/சிடிஎஸ்" (கம்பி வழி நிறுத்தல்) தேர்ந்தெடுக்கலாம்.

எக்ஸ்டிக்குள் கோப்பு அனுப்பும் நாள் வந்தால்தான் இந்தக் கம்பிகளின் அருமை தெரியும். எக்ஸ்டியின் சீரியல் சில்லான 8250 ஒரே பைட்டைத்தான் பிடித்துவைக்கும். 9600-இல் ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு பைட். டிஸ்க்கில் எழுதும் நேரத்தில் வருவதெல்லாம் காற்றில் போகும். காப்பியை நம்பாமல் கெர்மிட் என்ற கோப்பு மாற்றும் நிரலை இரு பக்கமும் போடுங்கள், செக்சம் (பிழை காட்டும் கூட்டுத்தொகை) பார்த்து விட்டுப்போனதைத் திரும்ப வாங்கும். இப்போது எடுப்பதற்கும், உரைக்கோப்பு என்றால் காப்பி போதும். இஎக்ஸ்இ என்றால் கெர்மிட்தான்.

சாலிடர்புகை:
பற்றவைக்கும்போது: சாலிடர் பக்கத்திலிருந்து பார்த்தால் எண்கள் இடம் வலமாக மாறித் தெரியும். பிளாஸ்டிக்கில் பொடியாக அச்சிட்ட எண்ணை டார்ச் அடித்துப் படியுங்கள். சுருங்கும் உறையைக் கம்பியில் முதலிலேயே கோத்துவிடுங்கள். கிண்ணத்தில் ஈயத்தை நிரப்பி, நுனிக்கு ஈயம் பூசிய கம்பியை இறக்கினால் இரண்டு நொடி வேலை. ஷீல்டை ஒரு பக்கக் கூட்டில் மட்டும் கட்டினால் போதும்.