ஈ.கோலைல ஃபிம்ப்ரியா டெஸ்ட் வரவே மாட்டேங்குது, அவசரம்

மைக்ரோபிஜி: வணக்கம், எம்எஸ்ஸி ப்ராஜெக்ட், திங்கக்கிழமை ரெவ்யூ. யூரின் இன்ஃபெக்ஷன் கேஸ்ல எடுத்த ஈ.கோலை பாக்டீரியாவுக்கு ஃபிம்ப்ரியா, அதான் ஒட்டிக்கற மெல்லிசு முடி, இருக்கான்னு ஸ்லைடுல ரத்தம் கலந்து பாத்தேன், இருந்தா ரத்தம் திரியணும், திரியவே இல்ல, கலக்கின மாதிரியே சிவப்பா நிக்குது. கிராம் ஸ்டெயின் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல ஆயில் இம்மர்ஷன்ல பாத்தாலும் முடி எதுவும் தெரியல. கல்ச்சர் போயிடுச்சா? யாராவது சொல்லுங்க ப்ளீஸ்

ஆகார்தட்டு: என்ன ரத்தம்? எதுல வளர்த்தீங்க?

சீனியர்டெக்: தம்பி, ஃபிம்ப்ரியா தடிமனே சுமார் 7 நானோமீட்டர். சாதா மைக்ராஸ்கோப் 200 நானோமீட்டருக்குக் கீழ பிரிச்சுக் காட்டாது, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேணும். இதெல்லாம் யுஜிலயே படிச்சிருக்கணும். பிஜி வந்து கிராம் ஸ்டெயின்ல முடி தேடறீங்க.

வைகைக்கரை: கேப்சூல் தான் காரணம், பாக்டீரியாவைச் சுத்தி இருக்கற வழவழ உறை, நான் அடிச்சு சொல்றேன். கேப்சூல் தடியா இருந்தா ஃபிம்ப்ரியா உள்ள மறைஞ்சிடும்.

மைக்ரோபிஜி: ப்ளட் ஆகாருக்கு வெச்சிருந்த செம்மறி ரத்தம். பாக்டீரியாவ மெக்கான்கி ஆகார் தட்டுல இருந்து நேரா எடுத்தேன்

லேப்அக்கா: ரத்தம், தட்டு ரெண்டுமே தப்புப்பா. டைப் 1 ஃபிம்ப்ரியா நுனில ஃபிம்ஹெச்னு ஒரு புரதம் இருக்கு, அது செல் மேல இருக்கற மேனோஸ் சர்க்கரையைத்தான் பிடிக்கும், மூத்திரப்பை சுவர்ல ஒட்டறதும் அப்படித்தான். கினிப் பன்றி ரத்தத்துல நல்லா திரியும், செம்மறில ரொம்ப வீக். அப்புறம் ஃபிம்ப்ரியாவுக்கு டிஎன்ஏலயே ஒரு சுவிட்ச் இருக்கு, ஒரு துண்டு அப்படியே திரும்பிக்கும், ஒரு பக்கம் ஆன், மறுபக்கம் ஆஃப். ஆகார்ல வளந்தா பெரும்பாலும் ஆஃப் பக்கம் போயிடும். ப்ராத்ல, அதான் திரவ மீடியத்துல, போட்டு 37 டிகிரில 48 மணி நேரம் ஆட்டாம வைங்க, மேல மெல்லிசா ஆடை கட்டும், அதுல இருந்து எடுத்து மறுபடி புது ப்ராத்ல போடுங்க. கினிப் பன்றிக்கு எத்திக்ஸ் பர்மிஷன்னு அலையாதீங்க, பேக்கரி ஈஸ்ட் போதும், அது செல் சுவர் வெளிப்பக்கம் மேனன், அதான் மேனோஸ் சங்கிலி, நிறைய இருக்கு. ஸ்லைடுல கலந்து ஆட்டுங்க, சில நிமிஷத்துல மணல் மணலா திரியும். பக்கத்துலயே மேனோஸ் சேர்த்து ஒண்ணு, அதுல திரியக் கூடாது, மேனோஸே ஃபிம்ஹெச்ச அடைச்சிடும்.

வைகைக்கரை: மேனோஸ் போட்டும் மனுஷ ரத்தத்துல திரிஞ்சா பி ஃபிம்ப்ரியாங்கற இன்னொரு வகையா இருக்கலாம், கிட்னி வரைக்கும் ஏர்ற ஸ்ட்ரெயின்ல அது ஜாஸ்தி. அதையும் பாக்கணும்.

தென்றல்82: நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும், அப்போ டி-மேனோஸ் பவுடர் குடிச்சா யூரின் இன்ஃபெக்ஷன் வராதா? எங்க அண்ணி மாசாமாசம் ஆன்லைன்ல வாங்கறாங்க

வைகைக்கரை: கண்டிப்பா வேலை செய்யும், லாஜிக் அதானே.

சீனியர்டெக்: லாஜிக் வேற, ட்ரயல் வேற சார். 2024ல பிரிட்டன் ட்ரயல் ரிசல்ட் வந்துச்சு, அடிக்கடி இன்ஃபெக்ஷன் வர்ற 598 பெண்கள், ஆறு மாசம் தினமும் குடிச்சாங்க, டம்மி பவுடர் குடிச்சவங்களுக்கும் இவங்களுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல.

வைகைக்கரை: டோஸ் பத்தாம இருந்திருக்கும். எனக்குத் தெரிஞ்சவங்களுக்கு நின்னிருக்கு.

லேப்அக்கா: தெரிஞ்சவங்களுக்கு நின்னுச்சுங்கறத வெச்சு மருந்து சொல்லாதீங்க. தென்றல், திரும்பத் திரும்ப வருதுன்னா அண்ணிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் யூரின் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்க.

மைக்ரோபிஜி: ஈஸ்ட்ல திரிஞ்சிடுச்சு!! மேனோஸ் போட்டதுல திரியல. நன்றி அக்கா

ஆகார்தட்டு: ஈஸ்ட்ட மட்டும் தனியா சலைன்ல வெச்சு பாத்தீங்களா? சில ஈஸ்ட் தானாவே திரியும், ரெவ்யூல அதத்தான் முதல்ல கேப்பாங்க.