பொருள்: ‘பாஸ் மான்ஸ்டர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேவை – அச்சுக்கு அவசரம்

செல்லூரிலிருந்து:

குழும உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

மே மாத விடுமுறையில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு மேசைக் கதையாட்டம் (ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகி, பகடை உருட்டிச் சேர்ந்து கதை நடத்தும் ஆட்டம்) பழக்குவதென்று நாங்கள் சிலர் முடிவு செய்திருக்கிறோம். அதற்கான சிறு விதிநூலைத் தமிழில் ஆக்கும் பணி என்னிடம் வந்து சேர்ந்தது. 1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரின் ஆக்கமாக வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு அடிப்படை விதித்தொகுப்பு, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் விடப்பட்டுவிட்டதால், மூலத்தைச் சுட்டினால் போதும், எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை. அச்சகத்தார் திங்கட்கிழமைக்குள் கோப்பு வேண்டும் என்கிறார்.

உயிர்ப்புள்ளி (அடிபடும்போது குறையும் எண்), கவச எண் (அடி படுவதற்குப் பகடை எட்ட வேண்டிய எண்), இருபது முகப் பகடை ஆகியவற்றில் சிக்கல் இல்லை. பாத்திரத்தின் திறன்நிலையாகிய ‘லெவல்’ என்பதற்குப் ‘படி’ என்று முன்னரே இக்குழுமத்தில் ஒப்புக்கொண்டோம். ஆட்டத்தை நடத்துபவர் கூத்திலிருந்து வந்த ‘கட்டியக்காரர்’. நான் நிற்பது ‘பாஸ் மான்ஸ்டர்’, அதாவது குழு எதிர்கொள்ளும் தலைமைப் பகைவன், வரும் ஒரே ஒரு பத்தியில்: ‘முதற்படிக் குழு ஒன்று பாஸ் மான்ஸ்டரை எதிர்கொண்டால் என்ன ஆகும்?’ மாணவர்கள் முதல் நாளே டிராகனைத் தேடிப் போவார்கள் என்பது உறுதி. ஆகவே இந்தப் பத்தியே நூலில் மிகவும் பயன்படப்போவது. நல்ல சொல்லாகத் தாருங்கள்.

திருப்பரங்குன்றத்திலிருந்து:

அம்மா, நம் ஊரிலேயே சொல் இருக்கும்போது வெளியே தேடுவானேன்? திருமுருகாற்றுப்படையின் முதற்பகுதி எங்கள் குன்றத்தைப் பாடுவது. அதில் ‘சூர்முதல் தடிந்த சுடரிலை நெடுவேல்’ என்று வருகிறது. சூர் என்றால் அச்சம், துன்பம், வருத்தும் தெய்வம். முதல் என்றால் தலைமை. அச்சந்தருவனவற்றுள் தலையாயது எதுவோ அதுவே சூர்முதல். ‘பாஸ்’, ‘மான்ஸ்டர்’ ஆகிய இரண்டு கூறுகளும் முறைமாறாமல் அதில் அடங்கியிருக்கின்றன.

பொருத்தம் இத்துடன் நிற்கவில்லை. திருச்செந்தூர்ச் சூரசம்காரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதலில் யானைமுகன், அடுத்துச் சிங்கமுகன், அதன்பின் சூரன், கடைசியில் மாமரம். ஒரு வடிவம் வீழ்ந்ததும் அடுத்த வடிவில் எழுந்துவரும் பகைவனை இன்றைய ஆட்ட வடிவமைப்பாளர்கள் புதுக்கண்டுபிடிப்பாகப் பேசிக்கொள்கிறார்கள். நமக்கு அது ஐப்பசிதோறும் கடற்கரையில் நடக்கும் காட்சி.

உசிலம்பட்டியிலிருந்து:

ஐயாவின் புலமைக்கு வணக்கம். ஆயினும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ‘சூர்முதல்’ என்பதைப் படித்துவிட்டு, ‘அது முதல், இது இரண்டாவது’ என்றுதான் எண்ணும். ‘பாஸ்’ என்ற சொல்லே டச்சு மொழியின் ‘பாஸ்’ என்பதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. ஆங்கிலம் வெட்கமின்றிக் கடன் வாங்கியதை நாமும் வாங்கிக்கொண்டால் குடிமுழுகிவிடாது. மதுரையில் ஆட்டோ ஓட்டுநர் முதல் அலுவலக மேலாளர் வரை எல்லாரையும் ‘பாஸ்’ என்றுதான் அழைக்கிறோம். தமிழாக்கியே தீர வேண்டுமென்றால் ‘முதலாளிப் பூதம்’ என்று வைத்துவிடுங்கள். உழைக்கும் மக்கள் ஒன்றுசேர்ந்து வீழ்த்துவதற்கு ஏற்ற பெயர்.

ஒத்தக்கடையிலிருந்து:

நான் இந்த ஆட்டத்தைப் பல ஆண்டுகளாக ஆடியும் நடத்தியும் வருபவன் என்பதால், சொல்லுக்கு முன் பொருளைக் கொஞ்சம் தெளிவுபடுத்த விரும்புகிறேன். ‘பாஸ்’ என்பது ஓர் உயிரினம் அன்று. விதித்தொகுப்பின் உயிரினப் பட்டியலில் அப்படி ஒரு வகையே கிடையாது. அது ஆடுவோர் இட்ட பெயர். ஒரு குழுவின் படியையும் ஆள்பலத்தையும் பொறுத்து எந்த உயிரினமும் அந்த இடத்துக்கு வரும்.

ஓகர் என்னும் தடித்த அரக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். கவச எண் 11, உயிர்ப்புள்ளி 59, தடியால் ஓர் அடி விழுந்தால் சராசரியாக 13 புள்ளி போகும். எதிரே முதற்படியில் நால்வர்: வீரனுக்கு 12 உயிர்ப்புள்ளி, மந்திரவாதிக்கு 8, மற்ற இருவருக்கும் பத்துப் பத்து என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடிக்கு ஒருவர் சாய்வார். 8 புள்ளி உள்ள மந்திரவாதிக்கு ஒரே அடியில் 16 விழுந்தால், சுழியத்துக்குக் கீழே போன மிச்சமே அவருடைய முழுப்புள்ளிக்குச் சமமாகிவிடும். பிழைக்கிறாரா என்று பகடை உருட்டிப் பார்க்கும் வாய்ப்புக்கூட இன்றி அங்கேயே இறப்பார். ஆனால் அந்த நால்வரும் சேர்ந்து அடித்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 20 புள்ளி பறிக்கலாம். மூன்றாம் சுற்றிலோ நான்காம் சுற்றிலோ ஓகர் விழுந்துவிடும். அதற்குள் குழுவிலும் ஒருவரோ இருவரோ தரையில் கிடப்பார்கள். முதற்படிக்கு இது கதை சொல்லிச் சொல்லி மகிழத்தக்க பாஸ் சண்டை. அதே ஓகர் பத்தாம் படிக் குழுவுக்கு வழியில் கிடக்கும் கல். ஆகவே பூதம், அரக்கன், சூர் என்று உயிரின வகையைக் குறிக்கும் எந்தச் சொல்லும் தவறான பொருளைக் கற்பிக்கும். இருதரப்புக்கும் இடையிலுள்ள உறவைச் சொல்லும் சொல்லே வேண்டும்.

திருப்பரங்குன்றத்திலிருந்து:

தம்பி ஒத்தக்கடை சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அது என் சொல்லுக்கு எதிரானது அன்று. சூர் என்பதே உயிரினப் பெயர் இல்லை, அஞ்சுவோன் இருந்தால்தான் சூர் உண்டு. ‘முதல்’ என்பதையும் எண்ணுப்பெயராகக் கொள்ள வேண்டா. அதே பகுதியில் ‘மாமுதல் தடிந்த’ என்றும் வருகிறது. அங்கே முதல் என்பது மரத்தின் அடி. வேர், அடி, தலைமை, வாணிகத்தில் இடும் பணம் என்று நான்கு பொருளும் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை. உசிலம்பட்டி நண்பர் எள்ளலாக எழுதிய முதலாளியும் அதன் வழிவந்தவரே. என் சொந்தக் கருத்தில், சூர் என்பது ‘சுர்’ என்னும் எரிதற்பொருள் வேரிலிருந்து வந்தது. சுரம், சுரன், சூடு, சுள்ளி…

உசிலம்பட்டியிலிருந்து:

ஐயா, சூரன் என்பதை வீரன் என்னும் பொருளில் வடசொல் என்பார்கள், சூர் தமிழ் என்பீர்கள், இரண்டும் எங்கே கலந்தன என்று நாம் பேசி முடிப்பதற்குள் மே மாதம் போய் ஆடி பிறந்துவிடும். அச்சகத்தார் காத்திருக்கிறார்.

மேலூரிலிருந்து:

உறவைச் சுட்டும் சொல் வேண்டும் என்ற ஒத்தக்கடையாரின் கருத்தைப் படித்ததும் படைமாட்சி அதிகாரம் நினைவுக்கு வந்தது. ‘ஒலித்தக்கால் என்னாம் உவரி எலிப்பகை, நாகம் உயிர்ப்பக் கெடும்.’ எலிகள் கடல்போல் திரண்டு ஒலித்தாலும், நாகம் மூச்சுவிட்ட அளவில் கெட்டழியும். செல்லூர் அம்மையார் கேட்ட பத்தி முழுவதும் இந்த ஏழு சீரில் இருக்கிறது. ஆகவே பாஸ் மான்ஸ்டர் ‘நாகப்பகை’, முதற்படிக் குழு ‘எலிப்படை’ என்று நான் முன்மொழிகிறேன்.

இடைக்குறிப்பாக ஒன்று: ‘கட்டியக்காரர்’ என்பதை அச்சில் ‘கட்டியங்காரர்’ ஆக்கிவிடாதீர்கள். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்னும் மன்னனைக் கொன்று அரசைக் கவர்ந்தவன் கையில் குழந்தைகளை ஒப்படைத்ததாகிவிடும்.

ஒத்தக்கடையிலிருந்து:

அம்மா, குறள் மிகப் பொருத்தம், சொல்தான் பொருந்தாது. இந்த ஆட்டத்தின் உயிரினப் பட்டியலில் ‘நாகா’ என்ற பெயரிலேயே மனிதமுகப் பாம்பு இருக்கிறது. ‘இந்த ஓகர் ஒரு நாகப்பகை’ என்று கட்டியக்காரர் சொன்னால் ஓகருக்கும் பாம்புக்கும் சண்டை என்று பிள்ளைகள் எண்ணுவார்கள்.

ஆனால் அந்தக் குறளிலிருந்து வேறொரு சொல்லை நான் எடுத்துக்கொள்கிறேன். டிராகன் வாயிலிருந்து நெருப்பும் நஞ்சும் கக்குவதற்கு ‘மூச்சாயுதம்’ என்று எழுதி வந்தேன். இனி அது ‘உயிர்ப்பு’. இளம் பச்சை டிராகனின் நச்சுயிர்ப்பு 30 அடிக்குக் கூம்பாய் விரிந்து சராசரியாக 42 புள்ளி பறிக்கும். தாங்கும் உருட்டில் (தாக்கத்தைத் தணிக்க உருட்டும் பகடையில்) வென்றால் பாதி, அதாவது 21. முதற்படி வீரனின் 12 புள்ளிக்கு அந்தப் பாதியே மிகை. தோற்றவர்கள் அங்கேயே இறப்பார்கள். வென்றாலும் வீரன் மட்டுமே மயங்கி விழுவான், மற்ற மூவரும் இறப்பார்கள். அதன் 136 உயிர்ப்புள்ளியில் அதற்குள் எவ்வளவு குறைத்திருப்பார்கள் என்று கேட்கவே வேண்டாம். நால்வர் வந்தாலும் நாற்பதின்மர் வந்தாலும் அந்தக் கூம்புக்குள் நெருங்கி நின்றால் கணக்கு ஒன்றே.

செல்லூரிலிருந்து:

இவ்வளவு நேரம் படித்ததில் ‘பகை’ என்ற பாதி எனக்குப் பிடித்திருக்கிறது. ‘பெரும்பகை’ என்று வைத்தால் என்ன? ஓகர் முதற்படிக்குப் பெரும்பகை, பத்தாம் படிக்குச் சிறுபகை. சொல்லே அளவை மாற்றிக்கொள்ளும்.

இன்னும் ஒரு சொல் வேண்டும். ஒற்றைப் பெரும்பகைக்கு ஒரு சுற்றில் ஒரு முறை, குழுவுக்கு நான்கு முறை என்பதால் சில வேளை குழு எளிதாக வென்றுவிடுகிறது. இதை ஆடுவோர் ‘ஆக்‌ஷன் எகானமி’ என்கிறார்கள். ‘வினைச் சிக்கனம்’ என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். குறைவாக வேலை செய் என்று அறிவுரை கூறுவதுபோல் இருக்கிறது.

மேலூரிலிருந்து:

‘முறைக்கணக்கு’ என்று எழுதுங்கள். பெரியாறு கால்வாயின் கடைமடையில் இருக்கும் எங்களுக்கு முறைப்பாசனம் என்பது உயிர்ப்பிரச்சினை. யாருக்கு எத்தனை முறை தண்ணீர் என்பதுதான் விளைச்சலை முடிவு செய்யும். மாணவர்களுக்கும் ‘இப்போது யார் முறை?’ என்பது தெரிந்த கேள்வி.

ஒத்தக்கடையிலிருந்து:

முறைக்கணக்கு மிக நன்று. ஐந்தாம் பதிப்பு விதியமைத்தவர்கள் இந்தக் குறையை அறிந்தே, பழம்பெரும் டிராகன் போன்றவற்றுக்கு, பிறர் முறை முடியும்போதெல்லாம் இடையிடையே செய்துகொள்ள ஒரு சுற்றுக்கு மூன்று கூடுதல் வினைகளைத் தந்திருக்கிறார்கள். அதனால் நால்வருக்கு எதிரே அதுவும் ஏறத்தாழ நால்வராகிவிடுகிறது. இதை ‘இடைவினை’ எனலாம். முதற்படிக் குழுவை நடத்தும் கட்டியக்காரர் இடைவினை உள்ள பெரும்பகையை இறக்கவே கூடாது என்று தடித்த எழுத்தில் போடுங்கள். அதற்குப் பதில் ஓகருடன் கோப்ளின் என்னும் குட்டிப் பூதங்கள் இரண்டைச் சேர்த்தால் முறைக்கணக்கு நேராகிவிடும். அதிலும் ஆபத்து உண்டு, ஏனெனில் முதற்படியில் கோப்ளினின் அம்பும் பாதி உயிரை வாங்கிவிடும்.

உசிலம்பட்டியிலிருந்து:

‘பெரும்பகை’ என்றால் எங்கள் பக்கத்தில் வரப்புத் தகராறில் இரண்டு குடும்பத்துக்கு இடையே மூண்ட பகை. பகை என்பது பண்பு. பகைவன் என்பதல்லவா ஆள்? ஓகரைச் சுட்டிக்காட்டி ‘அதோ பெரும்பகை வருகிறது’ என்று எவரேனும் சொல்வார்களா?

மேலூரிலிருந்து:

நான் எடுத்துக்காட்டிய குறளிலேயே ‘எலிப்பகை’ என்பது எலியாகிய பகை. எலிகளுக்குள் மூண்ட மனத்தாங்கல் அன்று. பண்புப்பெயர் பண்புடையவர்க்கு ஆகிவரும் ஆகுபெயர். இதற்குமேல் இலக்கணச் சான்று வேண்டுமோ?

திருநகரிலிருந்து (மட்டுறுத்துநர்):

விவாதம் நீண்டுவிட்டது. தனிமடலில் வந்த கருத்துகளையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் ‘பெரும்பகை’ பக்கம் சாய்கிறார்கள். சிலர் அதைச் சிறந்தது என்பதால், பலர் உறங்கப் போக வேண்டும் என்பதால். ‘சேலஞ்ச் ரேட்டிங்’ என்பதற்கு என் பங்காக ஒன்று. அந்த எண், நன்கு ஓய்வெடுத்த நால்வர் அதே எண்ணுள்ள படியில் இருந்தால் உயிரிழப்பின்றி வெல்லலாம் என்பதைக் குறிக்கிறது என அறிகிறேன். அதற்கு ‘மாற்றான் வலி’ என்றே எழுதலாம். ‘வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்’ என்பதில் நான்கும் தனித்தனியே எடைபோடப்படுகின்றன. ஆட்டத்திலோ அந்த ஒரே எண்ணை நம்பிச் சண்டைக்கு இறங்கித்தான் முதற்படிக் குழுக்கள் அழிகின்றன. ஓகரின் மாற்றான் வலி 2 என்பதைக் கண்டு, ‘நம்மைவிட ஒன்றுதானே கூட’ என்று எண்ணும் பிள்ளைக்கு, மந்திரவாதியின் 8 புள்ளியை அது சொல்லாது.

திருப்பரங்குன்றத்திலிருந்து:

பெரும்பான்மைக்கு நான் தலைவணங்குகிறேன், ஏற்கவில்லை. பெரும்பகை என்பதில் அளவு இருக்கிறது, அச்சம் இல்லை. முதற்படிப் பிள்ளை அந்தச் சொல்லைக் கேட்டதும் திரும்பி ஓட வேண்டும். அதற்குச் ‘சூர்’ என்னும் ஓசை வேண்டும். என் மறுப்பைக் குழும ஆவணத்தில் பதிந்துவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இடைவினை உடையவற்றுக்கேனும் ‘சூர்முதல்’ என்ற பெயரை ஒதுக்கினால் மகிழ்வேன்.

செல்லூரிலிருந்து:

பத்தியை இப்படி அமைத்திருக்கிறேன். ‘முதற்படிக் குழு பெரும்பகையைச் சந்தித்தால், முதலில் அதன் மாற்றான் வலியையும் முறைக்கணக்கையும் பாருங்கள். அது தனியாக இருந்து, ஓர் அடிக்கு ஒருவரை மட்டுமே வீழ்த்துமானால், பிரிந்து நின்று நால்வரும் அடியுங்கள். விழுந்தவரை மருத்துவர் உடனே எழுப்பட்டும். பெரும்பகைக்கு உயிர்ப்பு இருந்தால், எவரும் அருகருகே நிற்க வேண்டாம். ஓடுவதும் ஒரு வினையே.’ இடைவினை உள்ளவற்றுக்குச் ‘சூர்முதல்’ என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிட்டேன், ஐயா. உசிலம்பட்டி நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் மேசையில் ‘பாஸ்’ என்றுதான் கத்தப்போகிறார்கள், அதை நான் தடுக்கப்போவதில்லை.

திருநகரிலிருந்து (மட்டுறுத்துநர்):

நன்று. மெய்ப்பில் ‘பெரும் பகை’ என்று பிரித்து அச்சிட்டிருந்தால் சேர்த்துவிடுங்கள். ‘முதற்படி குழு’ என்று ஒற்று விட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ‘அருகருகே நிற்க வேண்டாம்’ என்பதில் ‘வேண்டா’ என்பதே சரி என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். அதைப் புதிய இழையில் பேசிக்கொள்வோம்.