முறுக்குக் கால் கடைந்த அனுபவம்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

கோபியிலிருந்து:

அம்மாயி வீட்டுக் கட்டிலுக்கு நாலும் முறுக்குக் கால், கயிறு முறுக்கின மாதிரி சுற்றிச் சுற்றி ஏறும் கால். ஒன்றைக் கரையான் தின்றுவிட்டது. வீட்டில் மரத்தைச் சுழலவிட்டுக் கடையும் சின்ன லேத் இருக்கிறதே, நாமே கடைந்துவிடலாம் என்று தேக்குத் துண்டு ஒன்றை மாட்டினேன். உருளையாகக் கடைவது வரைக்கும் சிரமமே இல்லை. அதில் முறுக்கை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் பிடிபடவில்லை. காங்கேயம் பக்கம் ஒரு கடைசல் பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

பட்டறைப் பெரியவர் பார்த்ததும் சொன்னார்: "இதை ஓட உட்டு வெட்ட முடியாது கண்ணு. லேத்து இதுக்கு வெறும் புடிமானம்." செங்கோண முக்கோணமாக ஒரு காகிதம் வெட்டினார். அடிப்பக்கம் காலின் சுற்றளவு; 2 அங்குல விட்டத்துக்கு 6¼ அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. உயரம், ஒரு சுற்றுக்கு முறுக்கு எவ்வளவு ஏற வேண்டுமோ அவ்வளவு. காலில் சுற்றியதும் சாய்ந்த விளிம்பு அப்படியே முறுக்குக் கோடாகிவிட்டது. எனக்கு மெய்சிலிர்த்துப் போனது.

அந்தக் கோட்டில் பென்சில் ஓட்டி, எவ்வளவு ஆழம் என்று ரம்பத்தில் டேப் ஒட்டிக்கொண்டு, காலை இடது கையால் உருட்டியபடியே அறுக்க வேண்டும். அப்புறம் உளி, வட்ட அரம், கடைசியில் உப்புத்தாள். உளி மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் இறங்க வேண்டும். எதிரே போனால் நார் பிய்த்துக்கொண்டு வரும். தேக்கு உளியைச் சீக்கிரம் மழுக்கிவிடும், அடிக்கடி தீட்ட வேண்டியிருந்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. மாட்டிப் பார்த்தால் கட்டிலோடு சேரவில்லை. இடப்பக்கக் கால்கள் ஒரு திசையில் முறுகியிருக்கின்றன, வலப்பக்கம் அதற்கு எதிர்த்திசை. நான் எதிர்ப்பக்கத்துக் காலைப் பார்த்து எடுத்திருக்கிறேன். தலைகீழாக வைத்தும் பார்த்தேன், மாறவே இல்லை. திருகாணியை எந்தப் பக்கம் பிடித்தாலும் மரை ஒரே திசையில்தானே ஏறும்! பெரியவருக்குப் போன் போட்டேன். "காகிதத்தைப் பொரட்டிப் போட்டுச் சுத்து சாமி" என்றார். சரி என்று புதுத் துண்டு எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பொள்ளாச்சியிலிருந்து:

நீங்கள் முறுக்கில் பட்டதை நான் நெடுக்குப் பள்ளத்தில் பட்டேனுங்க. பூஜை அலமாரிக்குத் தூண், அதைச் சுற்றிலும் மேலிருந்து கீழாக நேர்ப் பள்ளங்கள். தூணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பூட்ட லேத்தில் இருக்கும் பூட்டுத் தட்டில் சம இடைவெளியில் 24 துளை. 6, 8, 12 என்றால் சமமாக விழும். நான் 10 பள்ளம் வேண்டுமென்று கண்ணாலேயே குறித்தேன். கடைசிப் பள்ளத்துக்கும் முதல் பள்ளத்துக்கும் நடுவே உள்ள மேடு ஒல்லியாகிவிட்டது. அடுத்த தூணுக்கு 12 வைத்தேன்.

பள்ளம் வெட்ட, மரத்தைக் குடையும் மின்கருவியான ரூட்டரை ஒரு மரப்பெட்டியில் பூட்டி, லேத்தின் மேல் இரண்டு சட்டங்களில் நகர்த்துகிறேன். மேலே சிறுத்துப் போகும் தூணென்றால் சட்டத்தையும் அதே சரிவுக்குச் சாய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடியில் ஆழமாகவும் நுனியில் மேலோட்டமாகவும் வெட்டும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாமுங்க: லேத்தின் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் ரூட்டரைத் தொட வேண்டும்.

கோபியிலிருந்து:

பெட்டியின் அளவு சொல்லுங்கண்ணா, நானும் செய்து பார்க்கிறேன். கட்டில் இப்போது நாலு காலில் நிற்கிறது. அம்மாயி மத்தியானம் அதில்தான் படுக்கிறார்.