மாடி ஹால்ல கார்னிஸ் வச்ச அனுபவம்

எங்க வீடு திருச்சி பக்கம், மேல ஹாலுக்கு சீலிங் ஓரம் பூரா பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) கார்னிஸ், அதாவது சுவரும் சீலிங்கும் சேர்ற எடத்துல வர்ற அலங்கார விளிம்பு, வைக்கணும்னு வீட்டுல ரொம்ப நாள் ஆசை, ரெண்டு வருஷம் முன்னாடி ஆவணில ஆரம்பிச்சோம். ரெடிமேட் பீஸ் வாங்கி ஒட்டிடலாம்னுதான் நான் சொன்னேன். வந்த மேஸ்திரி கேக்கல, தகரத்த டிசைனுக்கு வெட்டி கட்டைல அடிச்சு ஒரு அச்சு செஞ்சாரு, சுவத்துல நேரா ரீப்பர்ங்கற மரச்சட்டத்த அடிச்சு, கலவைய அப்பி அப்பி அந்த அச்ச ரீப்பர் மேலயே இழுத்துட்டு போனாரு. மொத இழுப்புல சொரசொரன்னு இருந்துச்சு, நாலாவது அஞ்சாவது இழுப்புல வளைவெல்லாம் வெண்ணெய் மாதிரி தெளிஞ்சு வந்துச்சு, நானும் பையனும் வேலைய விட்டுட்டு பாத்துட்டே நின்னோம். பிஓபி சீக்கிரமே இறுகிடும்ங்கறதால சின்ன சட்டில கொஞ்சம் கொஞ்சமாத்தான் கலக்குவாரு, இறுகுனதுல திரும்ப தண்ணி ஊத்துனா பலமே இருக்காதுன்னு மிச்சத்த அப்படியே தூக்கி போட்டுடுவாரு.

தப்பு எங்க மேலதான். மொட்டைமாடி தட்டோடு இடுக்குல விரிசல் இருந்தது தெரியும், அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டோம். ஐப்பசி மழைல ஒரு மூலை மஞ்சளாச்சு, விரல் வச்சா மாவா உதிருது. ஜிப்சத்த சுட்டு எடுக்கறதுதானே பிஓபி, அதுல ஈரம் ஏறிட்டே இருந்தா தாங்காது. ஒரு ராத்திரி மூணடி நீளத்துக்கு தொப்புனு சோபா மேல விழுந்துச்சு, சாயங்காலம் வரைக்கும் அம்மா அங்கதான் உக்காந்திருந்தாங்க, நெனச்சா இன்னும் நெஞ்சு பதறுது. அதனால சொல்றேன், மாடி ஒழுக்க அடைச்சு ஒரு மழை பாத்துட்டு அப்புறம் கார்னிஸ்ல கைய வைங்க.

—

அண்ணா, எங்களுக்கு கோயம்புத்தூர். நாங்க ஜன்னலுக்கு மேல ப்ளைவுட் பெல்மெட் போட்டோம், கர்ட்டன் ராடு தெரியாம பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு, ஆனா ஜன்னல் நிலை வழியா கரையான் ஏறி உள்பக்கம் பூரா அரிச்சிடுச்சு, வெளிய பெயிண்ட் மட்டும் முழுசா நின்னுச்சு. இப்ப ஃபால்ஸ் சீலிங் பண்ணும்போதே சுவத்துலருந்து ஆறு இஞ்ச் விட்டு அந்த பள்ளத்துக்குள்ள கர்ட்டன் ட்ராக்க மாட்டிட்டோம், மரமே இல்ல. ஒரு சந்தேகம், மேல ரூம்ல கார்னிஸும் சீலிங்கும் சேர்ற எடத்துல வருஷா வருஷம் முடி மாதிரி விரிசல் வருது, பட்டி வச்சு வச்சு சலிச்சு போச்சு, ஒழுக்கு எதுவும் இல்ல, உங்களுக்கு வந்துச்சா?

—

வந்துச்சும்மா. மாடி கான்கிரீட் வெயில்ல விரிஞ்சு ராத்திரி சுருங்கும், பட்டி இறுகிப்போற சாமான், அந்த அசைவுக்கு ஈடு குடுக்காம கீறிடும். விரிசல கொஞ்சம் கீறி அகலப்படுத்தி, தூசி தட்டிட்டு பெயிண்ட் அடிக்கக்கூடிய அக்ரிலிக் சீலன்ட் வச்சு விரலால இழுத்து விடுங்க, அது ரப்பர் மாதிரி இழுபடும். எங்களுக்கு இந்த கோடைல கீறல் வரல.

விழுந்த மூணடிய அதே மேஸ்திரிய கூப்பிட்டுத்தான் சரி பண்ணோம். மாடி விரிசல தை மாசத்துல பூசி, சித்திரை வெயில்ல சீலிங் நல்லா காயற வரைக்கும் தொட மாட்டேன்னுட்டாரு. அந்த தகர அச்ச பரண்ல போட்டு வச்சிருந்தேன், எடுத்து குடுத்ததும் அவர் மொகத்துல அப்படி ஒரு சந்தோஷம். ஒட்டு எங்க இருக்குன்னு இப்ப எனக்கே கண்டுபிடிக்க முடியல.