வளைவில் மட்டும் எரியும் பிரேக் விளக்கு

வாகனம் தெரிந்த அண்ணாமாரே, கொஞ்சம் வழி சொல்லுங்கள். என்னுடையது 1996ஆம் ஆண்டு ஜப்பான் கார், அப்பா ஓட்டியது. நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் சிவப்பு பிரேக் விளக்கு மினுக்கென்று எரிகிறது. வண்டி நேரானதும் அணைந்துவிடுகிறது. ஹேண்ட்பிரேக் முழுவதும் இறக்கித்தான் இருக்கிறது.

பானட்டைத் திறந்து பார்த்தேன். பிரேக் ஒயில் அதன் டப்பாவில் உள்ள கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நிறமோ நல்ல பிளேன்டீ. வளைவில் ஒயில் ஒரு பக்கம் சாய, உள்ளே இருக்கும் மிதவை தாழ்ந்து விளக்கைப் போடுகிறது என்று நினைக்கிறேன். ஆனால் ஒயில் ஏன் குறைந்தது? பிரேக் பேட் தேய்ந்தாலும் மட்டம் இறங்கும், எங்காவது கசிந்தாலும் இறங்கும். சக்கரங்களின் உட்புறம் ஈரம் எதுவும் இல்லை. பெடலும் இறுக்கமாகவே இருக்கிறது.

பக்கத்து கராஜ் பாஸ், "வயரைக் கழற்றிவிட்டால் விளக்கு எரியாது தம்பி" என்கிறார். எரியாதுதான்! பனிமூட்டத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்குகிறவனுக்குச் சொல்லும் யோசனையா இது?

இன்னொன்று: நீண்ட ஏற்றம் ஏறி நின்றதும் எஞ்சின் ஒயில் விளக்கும் மங்கலாகத் துடிக்கிறது, கொஞ்சம் முடுக்கினால் போய்விடுகிறது. குச்சியில் ஒயில் மட்டம் சரியாகவே இருக்கிறது.

பேட்டைக் கழற்றிப் பார்க்காமல் பிரேக் ஒயில் ஊற்றலாமா? பழைய ஒயிலை முழுவதும் மாற்றவேண்டுமா? ஹட்டன், நுவரெலியா பக்கம் பொறுமையாகப் பார்க்கும் பாஸ் யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். அதுவரை கார் வாசலில்தான், நான் பஸ்ஸில்.