ஏழு எங்கே போனது? சேலத்தில் சாலை எண்ணை நம்பிய கதைகள்

ஓமலூர்வாசி:

போன மாதம் நாமக்கல்லில் ஒரு வளைகாப்பு. பெங்களூரிலிருந்து காரில் வந்த சித்தப்பா மகன் என்னையும் ஏற்றிக்கொண்டான். மாமா தொலைபேசியில் தேசிய நெடுஞ்சாலை எண்களை வைத்து வழி சொல்லியிருந்தார்: "ஏழிலேயே நேராக வா. கொண்டலாம்பட்டியில் மட்டும் நாற்பத்தேழில் திரும்பிவிடாதே." அவன் தலையாட்டிவிட்டான். முந்தின நாள் இரவுப் பணி முடித்த நான் கருப்பூர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன்.

வழியெல்லாம் ஏழும் இல்லை, நாற்பத்தேழும் இல்லை. கொண்டலாம்பட்டியில் பலகையைப் பார்த்திருக்கிறான்; 544. இதுவரை வந்தது 44, இதுவும் 44 என்றுதானே முடிகிறது என்று வண்டியை விட்டுவிட்டான். ஃபாஸ்டேக்கில் பணம் போன குறுஞ்செய்திச் சத்தத்தில் கண் விழித்தேன். "எங்கேடா இருக்கிறோம்?" "வைகுந்தம் என்று போட்டிருக்கிறது, அண்ணா." சங்ககிரிக்கு முன்னால் இருக்கும் சுங்கச்சாவடி அது. வளைகாப்புக்குக் கிளம்பியவர்கள் உயிரோடு வைகுந்தம் சேர்ந்தோம். திரும்பி வந்து நாமக்கல் போனபோது பந்தியில் புளிசாதமும் தயிர்சாதமும்தான் மிச்சம்.

அம்மாப்பேட்டை ஆசிரியர் (ஓய்வு):

உங்கள் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். 2010-ல் நாடு முழுவதும் எண்களை மாற்றினார்கள். வடக்கு தெற்காக ஓடுபவை இரட்டைப்படை, கிழக்கு மேற்காக ஓடுபவை ஒற்றைப்படை. மூன்று இலக்கம் என்றால் கிளைச்சாலை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலையின் எண். ஆகவே ஸ்ரீநகர்–கன்னியாகுமரி 44-லிருந்து சேலத்தில் பிரிந்து கோவை வழியாகக் கொச்சி போவது 544. உளுந்தூர்ப்பேட்டை போகும் பழைய 68 இப்போது 79; அதன் கிளையாக வாணியம்பாடிக்கு 179ஏ. தாளில் எழுதிப் பார்த்தால் அழகான கணக்கு. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்கு முன்னால் நிற்கும் அந்த ஐந்து கண்ணில் விழாது. வால் மட்டும்தான் தெரியும்.

மாமா சொன்ன ஏழு, காசியில் தொடங்கிக் குமரியில் முடிந்த சாலை. இப்போது ஏழாம் எண் பஞ்சாபிலிருந்து பத்ரிநாத் பக்கம் போகிறது. நாற்பத்தேழு குஜராத்திலிருந்து நாக்பூருக்கு. நம் எண்கள் வடக்கே யாத்திரை போய்விட்டன, வீட்டில் யாரும் சொல்லவில்லை!

ஆத்தூர் லாரி உரிமையாளர்:

எனக்கு இது காசு சம்பந்தப்பட்ட விஷயம். எண் மாறிய ஓரிரு வருடத்தில் நடந்தது. வாழப்பாடி அருகே என் லாரியின் பக்கவாட்டில் ஒரு வேன் உரசிவிட்டது. காப்பீட்டு விண்ணப்பத்தில் பழக்கத்தில் 68 என்று எழுதிக் கொடுத்தேன். காவல் நிலையத் தாளில் 79. "இரண்டு விபத்தா, ஒரு விபத்தா?" என்று கேட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டும் ஒரே சாலை என்று கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகும் ஒன்றரை மாதம் இழுத்தது. அப்போது அந்தப் பக்கம் ஒரு மைல்கல் நின்றது. மஞ்சள் தலையில் 79 என்று புதுச் சாயம். வெயிலில் அது உரிந்து, ஒன்பதுக்கு அடியிலிருந்து பழைய எட்டின் வயிறு எட்டிப் பார்க்கும். அதையே படம் எடுத்துக் கடிதத்தோடு இணைத்திருக்கலாம் என்று பிறகுதான் தோன்றியது.

ஏற்காடு விடுதிக்காரர்:

மேலே எங்களுக்கு வேறு மாதிரி வம்பு. சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திலிருந்து ஏறுவரிசையில் எண். விடுதியில் தங்கிய குடும்பம் ஒன்று இறங்கும்போது பிரேக் கருகிய வாசனை வந்து நிறுத்திவிட்டார்கள். எனக்கு அழைத்து "ஏழாவது வளைவு" என்றார்கள். அதோடு சிக்னல் போய்விட்டது. அஸ்தம்பட்டியிலிருந்து மெக்கானிக்கை அனுப்பினேன். அவர் ஏழாம் பலகையடியில் அரை மணி நேரம் நின்றிருக்கிறார். அவர்களோ மேலிருந்து விரல்விட்டு எண்ணியிருக்கிறார்கள். நின்ற இடத்தில் பலகை பக்கத்திலேயே இருந்திருக்கிறது: 14/20. பதினான்கு என்றால் பதினான்காம் கிலோமீட்டர் என்று நினைத்தார்களாம்.

இப்போதெல்லாம் "பலகையில் கோட்டுக்கு இடதுபுறம் இருக்கும் எண்ணைப் படியுங்கள்" என்று கேட்கிறேன். நல்லவேளை, அவர்கள் இன்னொரு மலைப்பாதையான குப்பனூர் வழியாக இறங்கவில்லை.

ஓமலூர்வாசி:

ஆசிரியர் ஐயா, உங்கள் விளக்கத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, நாமக்கல் ரோடு என்று கேட்டிருந்தால் டீக்கடைக்காரன் சொல்லியிருப்பானே" என்றார். தொலைபேசியில் ஏழு என்று சொன்னது அவர்தான் என்பதை நினைவூட்டினேன். அழைப்பைத் துண்டித்துவிட்டார்.